செகந்திராபாத் வரை வந்த அலெக்சாண்டர்

தென்னக ரயில் பயணிகளுக்குச் செகந்திராபாத் பழகிய நிலையம். சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து ஜொகூருக்குப் போகிறவர்களுக்கு 'இஸ்கந்தர் மலேசியா' என்ற வளர்ச்சி வட்டாரம் தெரியும். கேரளத்தில் இருமுறை முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டியை அறியாத தமிழர் குறைவு. ரஷ்யக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு சாஷா என்ற பெயர் வீட்டுப் பிள்ளையின் பெயர் மாதிரி. செகந்தர், இஸ்கந்தர், சாண்டி, சாஷா எல்லாம் ஒரே பெயர்தான். அலெக்சாண்டர்.

ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது பழைய கிரேக்கர்களின் நினைவு போர்க்களத்துக்குத்தான் போகும். போரைக் குறிக்கும் 'மாகே', வெற்றியைக் குறிக்கும் 'நிகே', படையைக் குறிக்கும் 'ஸ்ட்ராடோஸ்' போன்ற சொற்களை முன்னும் பின்னும் ஒட்டி ஏராளமான பெயர்களை உண்டாக்கினார்கள். தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் தந்தை பெயர் நிகோமாக்கஸ். அவர் வாள் எடுத்தவர் அல்ல, மருத்துவர். ஆனாலும் பெயரில் வெற்றியும் போரும் சேர்ந்தே இருந்தன. அலெக்சாண்டரும் இந்த வரிசையில் வந்த பெயர். முதல் பாதி காப்பதையும் தடுத்து விரட்டுவதையும் குறிக்கும். மறுபாதி ஆண்மகனைக் குறிக்கும். தன் ஆட்களைக் காப்பவன் என்றும் சொல்லலாம், எதிர்த்து வரும் ஆட்களை விரட்டுபவன் என்றும் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும், கேடயத்தோடு முன்வரிசையில் நிற்கிறவனுக்கு உரிய பெயர்.

இதை உலகம் சுற்ற வைத்தது மாசிடோனிய மன்னரின் வாள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தொடக்கத்தில் வாள் உதவியது உண்மை. அதற்குப் பிறகு இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் எழுத்தர்கள், கதைசொல்லிகள், தாய்மார்கள், பாட்டிமார்கள், அந்த மன்னரிடம் தோற்றவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய கதைதான் இது.

கதை அந்த மன்னருக்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தீ விபத்தில் தொடங்குகிறது. கிரேக்க நாட்டு மைசீனியில் அரண்மனைக் கணக்கர்கள் ஈரக் களிமண் பலகைகளில் கணக்கு எழுதி வந்தார்கள். அந்தப் பலகைகளைச் சூளையில் சுடும் வழக்கம் கிடையாது. தேவை முடிந்தால் கரைத்துவிடுவார்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கட்டடங்கள் எரிந்தன. எரிந்ததால் களிமண் சுட்டு இறுகியது, எழுத்து பிழைத்தது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார். ஒரு பலகையில் 'அ-ரெ-க-ச-த-ர' என்று இருந்தது. அலெக்சாந்திரா! உலகில் இந்தப் பெயர் இருந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று ஒரு பெண்ணின் பெயராக இருக்கிறது. பெண்வடிவம் இருந்தால் ஆண்வடிவமும் அன்றே இருந்திருக்க வேண்டும். ஆனால் தீயில் வெந்து தப்பித்தது அவள் பெயர்தான்.

அதே நூற்றாண்டில் பெயர் கடல் தாண்டிவிட்டது. இன்றைய துருக்கியில் ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துசாவைத் தோண்டியபோது ஓர் உடன்படிக்கை கிடைத்தது. பேரரசர் இரண்டாம் முவத்தல்லி, கி.மு. 1280ஐ ஒட்டி, 'விலுசா' என்ற சிற்றரசின் மன்னரோடு செய்துகொண்டது. அந்தச் சிற்றரசர் பெயர் அலக்சாந்து. விலுசா என்பது ஹோமர் பாடிய இலியோஸ், அதாவது டிராய் நகரமே என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் டிராயில் உண்மையிலேயே ஓர் அலெக்சாண்டர் ஆண்டிருக்கிறார்.

இலியட் காவியமும் அதையே நினைவுபடுத்துகிறது. ஹெலனைக் கவர்ந்து சென்று பெரும்போரை இழுத்துவிட்ட டிராய் இளவரசனை நாம் பாரிஸ் என்று அறிவோம். ஹோமர் அவனைப் பாரிஸ் என்பதைவிட அலெக்சாண்டர் என்றே அதிகம் அழைக்கிறார். மலையில் ஆட்டிடையனாக வளர்ந்தபோது கொள்ளையரை விரட்டி மந்தையைக் காத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பது பிற்காலக் கிரேக்கர் சொன்ன விளக்கம். ஆக, கிரேக்கர்களின் முதல் பெருங்காவியத்தில் அலெக்சாண்டர் என்ற பெயர் எதிரியின் பெயர். அதுவும் போருக்கு நேர்நின்று புகழ்பெற்றவனின் பெயர் அல்ல.

பிறகு அது மாசிடோனிய அரச குடும்பத்துக்குப் போனது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் அலெக்சாண்டர் ஒலிம்பிக் ஓட்டப் போட்டிக்கு வந்தபோது, இவர் கிரேக்கரே அல்ல என்று சக போட்டியாளர்கள் தடுத்தார்கள். ஆர்கோஸ் நகரத்து வம்சாவளியைக் காட்டி அவர் உள்ளே போனதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஓரத்து நாட்டு மன்னர்கள் தங்களைக் கிரேக்கராக நிறுவப் பாடுபட்ட காலத்தில், இப்படிக் கிரேக்க மணம் கமழும் பெயர் அவர்களுக்கு இனித்ததில் வியப்பில்லை. அது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது.

கி.மு. 356இல் பெல்லா நகரில் பிறந்த மூன்றாம் அலெக்சாண்டரின் கதையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பாரசீகப் பேரரசு விழுந்தது, கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸ் தோற்றார், கி.மு. 323இல் பாபிலோனில் காய்ச்சல் கண்டு 32 வயதில் மன்னர் இறந்தார். நம் கதைக்கு இவற்றைவிட முக்கியம் அவர் ஊர்களுக்குத் தன் பெயரை வைத்தது. எகிப்தின் கடற்கரையில் கி.மு. 331இல் ஓர் அலெக்சாந்திரியா. ஆப்கானிஸ்தானத்தில் இன்றைய கந்தஹார் இருக்கும் இடத்தில் ஒன்று. தஜிகிஸ்தானத்தின் குஜந்த் இருக்கும் இடத்தில் 'கடைக்கோடி அலெக்சாந்திரியா' என்று ஒன்று. ஊர்ப் பெயராக மாறிய பெயர் மனிதர்களை நம்பி வாழ வேண்டியதில்லை. பேரரசு அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே தளபதிகளின் சண்டையில் சிதறியது. ஊர்களில் பெயர் நின்றது.

அதன் பிறகு அது இந்தியாவுக்குள் வந்த விதம் யாரும் எதிர்பார்க்காதது. அசோகர் தன் 13ஆவது பாறைக் கல்வெட்டில், தர்மத்தின் செய்தி எட்டிய ஐந்து யவன அரசர்களின் பெயர்களைச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் 'அலிகசுதர'. இவர் எபிரஸ் நாட்டு மன்னரா, கொரிந்து நகரத்தை ஆண்டவரா என்பதில் ஆய்வாளர்களிடம் இரு கருத்துகள் உண்டு. பெயர் அலெக்சாண்டர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பட்டியல் அப்படியே தெற்கே திரும்பி, சோழரையும் பாண்டியரையும் சொல்லி, தாமிரபரணி எனப்பட்ட இலங்கை வரை போகிறது. அலெக்சாண்டரும் சோழரும் பாண்டியரும் ஒரே பத்தியில்! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலிங்கப் போரில் மாண்டவர்களுக்காக அசோகர் வருந்தி, போரால் வரும் வெற்றியைவிட அறத்தால் வரும் வெற்றியே பெரிது என்று அறிவித்த கல்வெட்டு இது. போருக்காகப் பிறந்த பெயர், போரைக் கைவிட்ட ஒரு மன்னரின் வாக்குமூலத்தோடு இந்தியப் பாறையில் ஏறியது.

இலங்கைக்கும் ஊர்ப் பெயராகவே வந்து சேர்ந்தது. துட்டகைமுனு அனுராதபுரத்தில் மகாதூபத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவுக்கு யவனரின் 'அலசந்த' நகரிலிருந்து ஒரு தேரர் 30,000 பிக்குகளோடு வந்தார் என்கிறது மகாவம்சம். எண்ணிக்கை காவியத்துக்குரியது. அலசந்த என்பது அலெக்சாந்திரியாக்களில் ஒன்று என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

சேர நாட்டு முசிறியின் கதையோ கணக்கு வழக்கில் பதிவாகியிருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாபிரஸ் ஏடு இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மறுபக்கம் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த தந்தம், நறுமணப் பொருள் போன்ற சரக்கின் மதிப்பைக் கூறுகிறது. அந்தச் சரக்கு செங்கடலில் இறங்கி, பாலைவனம் கடந்து, நைல் ஆற்றில் மிதந்து போய்ச் சேர வேண்டிய இடம் அலெக்சாந்திரியா. அங்கே நான்கில் ஒரு பங்கு சுங்கமாகக் கட்ட வேண்டும். யானைத் தந்தம் விற்ற சேர நாட்டு வணிகருக்கு மாசிடோனிய மன்னரைப் பற்றிக் கவலை இருந்திருக்காது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நகரத்துச் சந்தை விலை அவர் பிழைப்பைத் தொட்டது.

ரோமாபுரியில் போலிகள் பெருகினார்கள். பேரரசர் கரகல்லா தன்னை அலெக்சாண்டரின் மறுவடிவமாகவே நம்பி, மாசிடோனிய ஆட்களை மட்டும் கொண்டு பழைய பாணியில் ஈட்டிப்படை ஒன்றைத் திரட்டினார். அவருடைய உறவுக்காரச் சிறுவன் ஒருவனை கி.பி. 221இல் வாரிசாக அறிவித்தபோது, அவனுக்கிருந்த பெயரை மாற்றி அலெக்சாண்டர் என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டே அவன் பேரரசன் ஆனான். பெயரே பாதி பட்டாபிஷேகம் என்று அரண்மனை நம்பியிருக்கிறது.

இந்தப் பெயரின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் ஒரு பொய்யான புத்தகத்தால் வந்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மொழியில் ஒரு கதைநூல் உருவானது. மன்னரோடு படையெடுப்பில் போன காலிஸ்தெனிஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதாக ஏடுகள் சொல்லின. அவரோ மன்னருக்கு முன்பே மன்னரின் ஆணையால் உயிர் விட்டவர். மன்னரின் மரணத்தை அவர் எப்படி எழுதியிருக்க முடியும்? வாசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கதை அவ்வளவு சுவை. கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து மன்னர் கடலடிக்குப் போகிறார். பறவைகள் தூக்கிச் செல்ல வானத்தில் ஏறுகிறார். பேசும் மரங்களிடம் தன் சாவைப் பற்றிக் கேட்கிறார். இலத்தீன், சிரியாக், ஆர்மீனியம், அரபு, பாரசீகம், பழைய பிரெஞ்சு என்று அது மொழிக்கு மொழி தாவியது. வழியில் ஒவ்வொரு நாடும் மன்னரைத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. எகிப்தியர் கதையில் அவர் தந்தை பிலிப் அல்ல, எகிப்தின் கடைசி உள்நாட்டு ஃபாரோ நெக்டனெபோ.

பாரசீகர்கள் செய்ததுதான் பெரிய அதிசயம். அவர்களுடைய தலைநகர் பெர்செபோலிஸை எரித்தவர் அலெக்சாண்டர். ஜொராஸ்டிரிய நூல்கள் அவரைச் 'சபிக்கப்பட்டவன்' என்ற அடைமொழியோடு குறிக்கின்றன. ஆனால் கி.பி. 1010ஐ ஒட்டி கவிஞர் ஃபிர்தௌசி முடித்த 'ஷாநாமா' காவியத்தில் அவர் பாரசீக மன்னர் தாராபுக்குப் பிறந்த மகன், தோற்ற தாராவின் அண்ணன். அந்நியன் நாட்டைப் பிடுங்கவில்லை, மூத்த மகன் தன் பங்கை எடுத்துக்கொண்டான் என்று கதை மாறிவிட்டது. தோற்ற மக்கள் வென்றவரை இரத்த உறவாக்கித் தங்கள் மானத்தை மீட்டுக்கொண்டார்கள். நிஜாமி என்ற கவிஞர் பிறகு 'இஸ்கந்தர்நாமா' எழுதினார். அதில் மன்னர் வீரர் மட்டுமல்ல, ஞானி.

பெயர் குறுகியதும் இந்தப் பாதையில்தான். அரபு மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'அல்' என்ற சுட்டு வரும். அலெக்சாண்டரின் முதல் எழுத்துகளை அந்தச் சுட்டு என்று கேட்டவர்கள் எண்ணிவிட்டார்கள். அதைப் பிரித்துவிட்டு, மிச்சத்தில் 'க்ஸ்' என்ற ஒலியை 'ஸ்க்' என்று திருப்பிப்போட்டதும் இஸ்கந்தர் கிடைத்தது. பாரசீகமும் உருதும் அதைச் சிக்கந்தர் ஆக்கின. குர்ஆனில் வரும் துல்கர்னைன் என்ற அரசரை விரிவுரையாளர்களில் ஒரு சாரார் இஸ்கந்தராகக் கருதினார்கள். வேறு கருத்து கொண்டவர்களும் உண்டு. அந்த அடையாளம் பெயருக்குப் பக்தியின் மதிப்பையும் சேர்த்தது.

யூதர்களிடமும் ஒரு கதை உண்டு. ஜெருசலேம் கோவிலில் தன் சிலையை வைக்க மன்னர் விரும்பினாராம். சிலைக்குத் தடை இருப்பதால், அந்த ஆண்டு குருமார் குடும்பங்களில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயரை வைக்கிறோம் என்று தலைமைக் குரு சமாதானம் சொன்னாராம். இடைக்காலத்தில் எழுதப்பட்ட கதைதான். ஆனால் யூதக் குடும்பங்களில் இந்தப் பெயர் கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்தே வேரூன்றியது உண்மை. இத்திஷ் மொழியில் அது சுருங்கி 'செண்டர்' ஆனது.

இந்தியாவில் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி தன் நாணயங்களில் 'இரண்டாம் சிக்கந்தர்' என்று பொறித்துக்கொண்டார். உலகை வெல்லப் புறப்பட வேண்டும் என்ற அவருடைய ஆசையை டெல்லி கொத்தவால் அலாவுல் முல்க் நயமாகத் தடுத்ததாக வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார். அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் போன்ற துணை இருந்தார், உங்களுக்கு யார் என்பது அவர் வாதங்களில் ஒன்று. உலகத்தை விட்டுவிட்டு சுல்தான் தெற்கே பார்த்தார். 1311இல் அவருடைய தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரை வந்தார். அசல் அலெக்சாண்டர் பியாஸ் ஆற்றைத் தாண்டவில்லை. 'இரண்டாம் சிக்கந்தரின்' படை வைகையைப் பார்த்துவிட்டது. பிறகு மதுரையில் தனி சுல்தானியம் உருவாகி, விஜயநகரப் படையெடுப்பில் முடிந்தது. அந்த வரிசையில் கடைசியாக, 1377–78இல் நாணயம் வெளியிட்டவர் பெயரும் சிக்கந்தர் ஷாதான். வடக்கே நிஜாம் கான் என்ற இளவரசர் 1489இல் அரியணை ஏறியதும் சிக்கந்தர் லோடி ஆனார். அக்பரின் கல்லறை இருக்கும் ஆக்ரா அருகிலுள்ள சிக்கந்தரா, அவர் பெயரால் அமைந்த ஊர்.

வங்காள விரிகுடாவைத் தாண்டினால் கதை நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. 1400ஐ ஒட்டி எழுந்த மலாக்கா அரசின் தொடக்க கால ஆட்சியாளர் இஸ்கந்தர் ஷா என்ற பெயர் கொண்டவர். மலாய் அரசர்களின் வரலாற்றைக் கூறும் 'செஜாரா மெலாயு', அந்த வம்சத்தின் மூலவராக இஸ்கந்தர் துல்கர்னைனைக் காட்டுகிறது. அவர் இந்திய இளவரசி ஒருவரை மணக்கிறார். அந்த வழியில் ராஜா சூலன், ராஜா சூரன் என்று பேரரசர்கள் வருகிறார்கள். இந்தப் பெயர்களில் சோழர்களின் நினைவும், 1025இல் கடாரத்தின்மீது ராஜேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பின் எதிரொலியும் இருப்பதாக ஆய்வாளர்கள் காண்கிறார்கள். ராஜா சூரன் என்ன செய்கிறார் தெரியுமா? கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்குள்ள அரசகுமாரியை மணக்கிறார்! அலெக்சாந்திரியாவில் எழுதிய பொய்க்கதையின் கண்ணாடிக் கூண்டு, பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேல் பயணம் செய்து, சோழரை நினைவூட்டும் ஒரு மன்னரைச் சுமந்துகொண்டு மலாய்க் கடலில் மூழ்கியது. பின்னர் அச்சே நாட்டின் மிகப் பெரிய சுல்தான் 'இளைய அலெக்சாண்டர்' என்று பொருள்படும் இஸ்கந்தர் மூடா என்ற பெயரில் 1607 முதல் 1636 வரை ஆண்டார். பண்டா அச்சே விமான நிலையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மேற்கே ஐரோப்பாவிலும் கதைநூல் தன் வேலையைச் செய்தது. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் அலெக்சாண்டர் கதையைப் பன்னிரண்டு அசை கொண்ட அடிகளில் நீளமாகப் பாடினார்கள். அந்தப் பாட்டு புகழ்பெற்றதால் அந்த அடிக்கே 'அலெக்சாந்திரின்' என்று பெயர் விழுந்தது. பிறகு பிரெஞ்சு நாடக ஆசிரியர் ரசீனின் நாடகங்கள் அந்த யாப்பில்தான் எழுந்தன.

ஸ்காட்லாந்துக்கு இந்தப் பெயரைக் கொண்டுபோனவர் ஒரு தாய். ஹங்கேரியில் வளர்ந்த ஆங்கில இளவரசி மார்கரெட், ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் மால்கமை மணந்தார். தன் பிள்ளைகளில் ஒருவருக்கு, அந்த நாட்டு அரச குடும்பத்தில் வழக்கத்தில் இல்லாத அலெக்சாண்டர் என்ற பெயரை வைத்தார். அவர் 1107இல் மன்னரானார். அதே பெயரில் மேலும் இருவர் ஆண்டார்கள். மன்னர் பெயரை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். கேலிக் மொழியில் அது அலஸ்டர் ஆகி, மெக்அலிஸ்டர் என்று குலப்பெயரும் ஆனது. எடின்பரோவில் பிறந்து தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் ஆகிய இரு ஸ்காட்லாந்துக்காரர்களின் பெயருக்குப் பின்னால் அந்த அரசியின் விருப்பம் இருக்கிறது.

பால்கனில் பெயர் இருபுறமும் மதம் மாறியது. அல்பேனியப் பிரபுவின் மகன் ஜெர்ஜ் கஸ்திரியோத்தி ஒட்டோமான் அரண்மனையில் வளர்ந்தார். அவர் வீரத்தைப் பார்த்துத் துருக்கியர் வைத்த பெயர் இஸ்கந்தர் பே. 1443இல் அவர் ஒட்டோமான்களை விட்டு விலகி, இறக்கும்வரை கால் நூற்றாண்டு அவர்களை எதிர்த்துப் போரிட்டார். ஆனால் எதிரி வைத்த பெயரைக் கைவிடவில்லை. அல்பேனியாவின் தேசிய வீரர் இன்றும் ஸ்கந்தர்பெக்தான். தலைநகர் திரானாவின் நடுச் சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது.

ரஷ்யாவுக்கு இது திருச்சபை வழியே கிரேக்கத்திலிருந்து நேராகப் போனது. 1240இல் நேவா ஆற்றங்கரையில் ஸ்வீடன் படையை வென்ற இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பிறகு புனிதர் ஆனார். 1777இல் பேரரசி கேத்தரின் தன் முதல் பேரனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அடுத்த பேரனுக்கு வைத்தது கான்ஸ்டன்டைன். கிழக்கும் கான்ஸ்டாண்டிநோபிளும் தன் வம்சத்துக்கு வர வேண்டும் என்ற கனவைத் தொட்டிலிலேயே எழுதிவைத்தார் அந்தப் பாட்டி. மூத்த பேரன் வெற்றி வீரராக நுழைந்த நகரம் வேறு: நெப்போலியனைத் துரத்திக்கொண்டு 1814இல் அவர் பாரிஸுக்குள் போனார். 1819இல் இங்கிலாந்தில் ஒரு பெண் குழந்தைக்கு அவர் ஞானத்தந்தை ஆனார். அதனால் அவளுக்கு அலெக்சாந்திரினா விக்டோரியா என்று ஞானஸ்நானப் பெயர் சூட்டினார்கள். அரியணை ஏறியபோது அவர் இரண்டாவது பெயரைத் தேர்ந்துகொண்டார். இல்லையென்றால் நாம் 'விக்டோரியா காலம்' என்று சொல்லும் இடத்தில் எல்லாம் வேறு சொல் இருந்திருக்கும்.

கேரளத்துச் சாண்டிக்கு வருவோம். மலையாளக் கிறிஸ்தவர்கள் அலெக்சாண்டரின் தலைப்பகுதியை விட்டுவிட்டு, நாவுக்கு இசைந்த மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்து, ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருமார்களை வெளியேறச் சொன்னார்கள். கிளம்புவதற்குள் ஒரு வாரிசை நியமித்தாக வேண்டும் என்ற நெருக்கடி. அவசரத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் உள்ளூர்க்காரரான பறம்பில் சாண்டி. இலத்தீன் ஆவணங்களில் அவர் அலெக்சாண்டர் தெ காம்போ; மக்களுக்குச் சாண்டி மெத்ரான். ஐரோப்பிய நாடுகளின் சண்டை ஒரு மலையாளிக்கு ஆயர் ஆசனத்தைத் தந்தது.

செகந்திராபாத்தின் கதை இன்னும் விசித்திரம். நிஜாமோடு செய்த உடன்படிக்கையால் ஐதராபாத்துக்கு வடக்கே ஆங்கிலப் படை முகாமிட்டது. அந்த இடத்துக்கு 1806இல், அப்போது ஆண்ட நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை வைத்தார்கள். 1897 ஆகஸ்டில், அங்கே பணியாற்றிய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார்; பிறகு நோபல் பரிசு பெற்றார். பாபிலோனில் அலெக்சாண்டரைச் சாய்த்த காய்ச்சல் மலேரியாவாக இருக்கலாம் என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. அது சரியென்றால், அவரைக் கொன்ற நோயின் இரகசியம் அவர் பெயர் கொண்ட ஊரில் உடைந்தது. அதே காலத்தில் தமிழகத்தில் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைப் பெரிய அளவில் தோண்டி எடுத்துப் பதிவு செய்த தொல்லியல் அதிகாரியின் பெயர் அலெக்சாண்டர் ரே.

இன்று இந்தப் பெயர் எங்கே இல்லை? இந்திப் படங்கள் சிக்கந்தர் என்ற சொல்லை 'வென்றவன்' என்ற பொருளிலேயே கையாளுகின்றன. ஜிம்பாப்வே கிரிக்கெட் அணிக்கு ஆடும் சிக்கந்தர் ராசா பிறந்தது பாகிஸ்தானின் சியால்கோட்டில், அலெக்சாண்டரின் படை நடந்த பஞ்சாபில். 2014இல் அமேசான் நிறுவனம் குரல்வழிக் கருவிக்கு அலெக்சா என்று பெயர் வைத்தபோது, அலெக்சாந்திரியாவின் பழைய நூலகத்தை நினைத்து வைத்ததாகச் சொன்னது. சமையலறையில் பாட்டுப் போடச் சொல்லும்போதும் பழைய பெயரைத்தான் கூப்பிடுகிறோம்.

இத்தனை நூற்றாண்டுகளில் இந்தப் பெயர் செழித்தது, அதைப் பெற்றுக்கொண்டவர்கள் அதைத் தங்கள் நாவுக்கும் தங்கள் கதைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்ட இடங்களில். பாரசீகர் அண்ணனாக்கினார்கள், மலாய்க்காரர்கள் முன்னோராக்கினார்கள், மலையாளிகள் சாண்டியாக்கினார்கள். மாற்றியதைப் பிழை என்று திருத்தியிருந்தால் பெயர் மாசிடோனியாவிலேயே நின்றிருக்கும். வீட்டுப் பதிவேடுகளிலும் பள்ளிச் சான்றிதழ்களிலும் உருமாறி எழுதப்பட்டிருக்கும் பழைய பெயர்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அலெக்சாண்டரின் பேரரசு அவருக்குப் பின் ஒரு தலைமுறைகூட ஒன்றாக இருக்கவில்லை. மக்கள் திரித்துச் சொன்ன அவர் பெயர் இன்றும் புதிய குழந்தைகளுக்கு வைக்கப்படுகிறது.